புகைமூட்டத்தின் மேல் போட்ட பழி

புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்று பேச்செடுத்தால் நெகிரி செம்பிலானில் நிப்பா நோயைப் பற்றி ஒரே கதைதான் கிடைக்கும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காட்டைக் கொளுத்தினார்கள்; புகைமூட்டம் வந்தது; இருக்க இடமின்றிப் பறந்து வந்த கெலுவாங்குகள், அதாவது பழந்தின்னி வௌவால்கள், பன்றிகளுக்கு நோயைக் கொடுத்தன; பன்றியிலிருந்து அது மனிதனுக்குத் தொற்றியது; ராணுவம் வந்து பன்றிகளைச் சுட்டது; நிப்பா ஒழிந்தது. அது பன்றி வளர்த்தவர்கள் பாடு, தோட்டத்து ஆட்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கடைசியில் ஒரு வாலும் சேர்ந்துகொள்ளும். இதில் பாதி சரி. மீதிப் பாதிதான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் புகை. இந்த விளக்கத்தை யாரோ கோப்பிக்கடையில் உட்கார்ந்து கட்டிவிடவில்லை. நிப்பா கிருமியை முதன்முதலில் பிரித்தெடுத்த மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங்கே 2002இல் முன்வைத்தார்: காடழிப்பும் எல் நினோ வறட்சியும் புகையும் சேர்ந்து, காட்டில் பூவும் பழமும் இல்லாமல் செய்து, வௌவால்களைப் பழத்தோட்டங்களுக்குத் துரத்தின என்று. அவர்மேல் உள்ள மதிப்பால் அந்தக் கருத்து வேரோடிவிட்டது. ஆனால் நாள்கணக்கு இடிக்கிறது. நாட்டை மூடிய அந்தப் புகை 1997இன் பிற்பாதியில் வந்தது. தீபகற்ப மலேசியாவின் பன்றிகளுக்கு இந்தக் கிருமி 1996இன் இறுதியிலிருந்தே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொற்றியிருக்க வேண்டும் என்று பின்னால் நடந்த ஆய்வுகள் காட்டின. வழக்கமான பன்றி நோய்களைப் போலவே இருந்ததால் யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. புகைக்கு முன்பே வந்துவிட்டதைப் புகைதான் கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்வது?

கெலுவாங்குகளும் திடீர் அகதிகள் அல்ல. அவை இந்த நாட்டின் பழைய குடிகள். தியோமான் தீவில் அவை தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சொட்டிய சிறுநீரைச் சேகரித்துத்தான் சுவாவின் குழு உயிருள்ள கிருமியைப் பிடித்தது. அவை கடித்துப் போட்ட பழத்திலும் கிருமி இருந்தது.

அப்படியானால் என்னதான் மாறியது? மாறியது பண்ணை. நோய் முதலில் தலைகாட்டிய ஈப்போ வட்டாரப் பண்ணையில் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டடியை ஒட்டியே மாமரங்கள் நின்றன. கெலுவாங் மேலே தின்றது, கடித்ததும் கழித்ததும் கீழே விழுந்தன. 1970களிலிருந்து 1990களின் இறுதிக்குள் மலேசியாவின் பன்றி வளர்ப்பும் மாங்காய் விளைச்சலும் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தன. ஜூலியட் புல்லியமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பண்ணையின் கணக்குகளை வைத்தே நடந்ததைக் கட்டிக் காட்டியது. முதல் முறை புகுந்த கிருமி மந்தை முழுவதும் ஓடி, தொற்ற ஆளில்லாமல் தானே அணைந்துபோனது. அதற்குள் பெரும்பாலான பன்றிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. தாயிடமிருந்து குட்டிகளுக்கும் கொஞ்ச காலம் அது கிடைத்தது. இரண்டாவது முறை கிருமி வந்தபோது எல்லாம் ஒரே சமயத்தில் விழவில்லை. ஒரு குட்டிக்குக் காப்பு தீர, அடுத்ததற்குத் தீர, புதுக் குட்டிகள் பிறக்க, கிருமி அணையாமல் மாதக்கணக்கில் தங்கியது. சிறிய பண்ணையாக இருந்தால் இது நடந்திருக்காது. எல் நினோ வானிலைதான் காரணம் என்ற கருத்தை இந்த ஆய்வு நேராகவே மறுத்தது. காட்டை எரிப்பவர்களுக்கு இது வக்காலத்து அல்ல. பழியைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டால் உள்ளூர்ப் பண்ணையின் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஈப்போ இருக்கும் பேராவிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு நோய் வந்த வழியிலும் வௌவாலைத் தேட வேண்டியதில்லை. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ பக்கம் ஆட்கள் விழத் தொடங்கியதும் பன்றிகள் அவசர அவசரமாகக் கைமாறின. லோரியில் ஏறித் தெற்கே வந்தன. முதலில் சிரம்பான் அருகே சிக்காமாட்டில், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கில் நோய் வெடித்தது. மலேசியா முழுவதும் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், 105 மரணம். அவற்றில் பெரும்பகுதி இந்த மாநிலத்தில். 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கும் தொற்றி ஒருவர் இறந்தார். அங்கும் போனது மலேசியப் பன்றிதான்.

‘அது ஜேஇ, கொசுவால் வந்தது’ என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுகாதார அதிகாரிகளே மாதக்கணக்கில் அப்படித்தான் சொன்னார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், ஜேஇ எனப்படும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டார்கள். தொடக்கத்தில் சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான அறிகுறியும் தெரிந்தது. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே படுத்தவர்களோ வளர்ந்த ஆண்கள், பன்றியோடு புழங்கியவர்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களை நோய் தொடவில்லை. மதம் பார்த்துக் கடிக்கும் கொசு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வி அப்போதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். 1999 மார்ச்சில் சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து சுவா கிருமியை வளர்த்தெடுத்து, அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்துக்குத் தானே கொண்டுபோனார். 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ராவின் உறவு அது என்று அங்கே தெரிந்தது. அதன் பிறகுதான் கொசுவின் மேல் இருந்த கண் பன்றியின் மேல் திரும்பியது. 10 லட்சம் பன்றிகளுக்கு மேல் அழிக்கப்பட்டன.

அடுத்தது, ‘பன்றிக்காரர்கள் நோய்’ என்பது. படுத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்பது உண்மை. ஆனால் இந்தியர்களும் இருந்தார்கள். லுக்குட், சிலியாவ், ரந்தாவ் பக்கம் பால்மரமும் செம்பனையும் நிற்கிற மண்ணுக்கு நடுவில்தான் அந்தப் பண்ணைகள் இருந்தன. நாய், பூனைகளுக்கும் தொற்றியது. இன்னொன்று, பன்றிகளே அதிகம் சாகவில்லை. பெரும்பாலும் தெரிந்தது தூரத்துக்குக் கேட்கும் குரைப்பு இருமல்தான். அதை ‘ஒரு மைல் இருமல்’ என்றே அழைத்தார்கள். விலங்கு சாகாதபோது உடன் வேலை செய்கிறவன் எதற்குப் பயப்படுவான்?

‘மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றாது’ என்பதும் மலேசியாவை மட்டும் பார்த்துச் சொல்வது. நோயாளிகளின் தொண்டைச் சளியிலும் சிறுநீரிலும் கிருமி இருந்ததை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001இல் பதிவு செய்தார்கள். அந்த நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்கள் யாரும் நோயில் விழாதது நம் அதிர்ஷ்டம். இந்தியாவில், அதே 2001இல் சிலிகுரியிலும், 2018இல் கோழிக்கோட்டிலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவி ஊழியர்களும் இறந்தார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது ‘ஒழிந்தது’ என்ற சொல்தான். 1999க்குப் பிறகு மலேசியாவில் புதுத் தொற்று இல்லை, சரி. ஆனால் தொற்றியவர்களின் மூளையில் அது முடிந்ததா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் பார்த்த 94 பேரில் 30 பேர் இறந்தார்கள், 14 பேருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிட்டது. டான் சோங் தின் குழுவின் 2002 ஆய்வின்படி, மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கு அது திரும்ப வந்தது. முதலில் மூளை பாதிக்கப்படாமலோ அறிகுறியே இல்லாமலோ இருந்தவர்களிலும் 3.4 விழுக்காட்டினருக்குப் பின்னால் மூளைக்காய்ச்சல் கண்டது. இப்படித் தாமதமாக விழுந்தவர்களில் 18 விழுக்காட்டினர் இறந்தார்கள். தொற்றி 11 ஆண்டுகள் கழித்து ஒருவருக்கு வந்ததும் பதிவாகியிருக்கிறது.

இப்படித் தாமதமாக வருவதை வேறொன்றாக எண்ணிவிடுவதும் எளிது. மூளை பழுதாகிப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு, அதுவும் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். அவர்களோ வயதானவர்களோ திடீரெனக் குழம்பிப் பேசினால், ‘சிறுநீரில் கிருமி’ என்று ஆண்டிபயாடிக் கொடுத்து அனுப்புவது எளிது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நீண்ட நாள் குழாய் போட்ட எவருடைய சிறுநீரைச் சோதித்தாலும் கிருமி தெரியும். குழப்பத்துக்கு அதுவே காரணம் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. நிப்பா இத்தனை ஆண்டுகள் கழித்துத் தலைதூக்குவது மிக மிக அரிது. இருந்தாலும் போர்ட்டிக்சன் வட்டாரத்தைச் சேர்ந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர் குழப்பத்தோடோ வலிப்போடோ வந்தால், ‘ஐயா, 1999இல் எங்கே வேலை செஞ்சீங்க?’ என்று கேட்க மருத்துவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது.