கொடைக்கானலும் துரைமார்களும்

பழனி மலைத்தொடரின் மீது ஏறிச்செல்லும் யாத்ரிகர் எவரும் துரைமார்களின் பெயர்களைக் கேளாமல் திரும்புவதற்கில்லை. 1863-ம் வருஷத்தில் ஏரியை உண்டாக்கியவர், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை. 1872-ல் மலைச்சரிவின் ஓரமாக நடைபாதை வகுத்தவர் கோக்கர். பூங்காவுக்கு வழங்குவதோ பிரையண்டின் பெயர். அந்நிய ஆட்சி 1947-ல் ஒழிந்த பின்னும் இப்பெயர்கள் ஏன் நிற்க வேண்டுமென்று தேசாபிமானிகள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் பெயர்ப்பலகையைக் கழற்றுவதால் மாத்திரம் கணக்குத் தீர்ந்துவிடாது என்பது நமது அபிப்பிராயம்.

அக்கணக்கு எத்தகையதென்று அறிய விரும்புவோர், ஏரிக்கரையை விட்டு மேலே ஏறி, சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்வார்களாக. சென்னையிலிருந்து 1899-ல் அது இம்மலைக்கு வந்தது. அதன் பிறப்புக்கு மூலகாரணம் விஞ்ஞான ஆர்வம் ஒன்று மட்டுமன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சமும் ஆகும். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பு.

அந்நாளில் ராஜப்பிரதிநிதியாக இருந்த லிட்டன் பிரபு ஒரு கவி. 1877 ஜனவரி 1-ந் தேதி, விக்டோரியா சக்கரவர்த்தினிப் பட்டம் ஏற்றதை அறிவிக்க அவர் டில்லியில் தர்பார் கூட்டினார். அவர் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலை செய்தவனின் தினசரித் தானிய அளவை ஒரு ராத்தலாகக் குறைத்தார். வியாபார சுதந்திரம் என்ற பெயரால், தானியம் கப்பலேறுவதைத் தடுக்க லிட்டன் சர்க்கார் மறுத்தது.

அதே 1877-ல் லாக்கியர் என்ற விஞ்ஞானியும், ஹன்டர் என்ற சிவில் உத்தியோகஸ்தரும், சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பஞ்சங்களுக்கும் சம்பந்தம் உண்டென்று எழுதினார்கள். பஞ்சத்தின் காரணத்தைக் கஜானாவில் தேடாமல் சூரியனில் தேடுவது அதிகார வர்க்கத்துக்கு எவ்வளவு சௌகரியம்! மழை தவறியது வானத்தின் செயல். சோறு தவறியது யாருடைய செயல்?

ஆயினும் வெள்ளையர் அனைவரையும் ஒரே தராசுத்தட்டில் வைப்பது நமக்கு அழகன்று. டெம்பிளின் அளவு மனித உடலுக்குப் போதாதென்று வாதாடிய டாக்டர் கார்னிஷும் ஆங்கிலேயரே. சென்னையில் பத்திரிகாசிரியராயிருந்து, 1878-ல் அப்பஞ்சத்தின் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்ட வில்லியம் டிக்பியும் ஆங்கிலேயரே. கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் கொடைக்கானலில் கண்டறிந்த ஜான் எவர்ஷெட்டின் பெயரை உலக விஞ்ஞானம் இன்றும் வழங்குகிறது. அதை மறைக்க நமக்கு உரிமையுமில்லை, அவசியமுமில்லை.

நாம் கேட்பது வேறு. சென்னை வானசாஸ்திர நிலையத்தில் உதவியாளராக இருந்து, 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரின் பெயரை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? மோட்டார் ரஸ்தா ஏற்படுமுன், துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து மலையேறிய கூலியாட்கள் யார்? ஏரிக்கு மண் சுமந்தவர் யார்? துரைமார் வருமுன்பே அம்மலையைத் தம் வீடாகக் கொண்டிருந்த பளியருக்கும் புலையருக்கும் அங்கே என்ன ஸ்தானம்?

ஆகையால் லெவிஞ்சின் பெயர் இருக்கட்டும். அதன் அருகில் உழைத்தவரின் சரித்திரமும் எழுதப்படட்டும். ஆராய்ச்சி நிலையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு எவர்ஷெட்டின் கண்டுபிடிப்போடு தாது வருஷத்தையும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். நகராட்சியாரும் கல்வி இலாகாவினரும் இதற்கு ஆவன செய்தல் வேண்டும். பெயரை அழிப்பது ஒரு நாள் வேலை; சரித்திரத்தை முழுமையாக எழுதுவதே சுதந்திர ஜனங்களுக்குரிய வேலை.