எட்டாம் நாள் கிடைத்த இடம்



ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் ஒரு பள்ளி. பெற்றோர் சந்திப்பு நாளன்று உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் இருந்த அப்பா, கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வந்திருந்தார். மகன் கணக்கில் எங்கே சறுக்குகிறான், எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம் என்று ஆசிரியை அவரிடம் பத்து நிமிடம் பேசினார்.

அடுத்தவர் கூரியர் கம்பெனிச் சட்டையில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். "வீட்டுல கொஞ்சம் கவனிங்க சார், வகுப்புல பேசிக்கிட்டே இருக்கான்." இரண்டே நிமிடம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அவருடைய மகனும் கணக்கில் எங்கேயோ சறுக்கியிருப்பான்தானே? அதை அவருக்கு யார் சொல்வது?

அந்த ஆசிரியை நல்லவர், பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரின் சட்டையைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடுவது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே நடக்கிறது.

அமெரிக்காவின் ரே ரிஸ்ட் என்ற ஆய்வாளர், ஒரு பாலர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்ததை 1970இல் எழுதினார். பள்ளி திறந்த எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்துவிட்டார். தேர்வு எதுவும் வைக்கவில்லை. நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, வசதியான வீடு என்றால் தனக்குப் பக்கத்து மேசை. அரசாங்க உதவிப் பணத்தில் வாழும் வீட்டுப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். கேள்வியும் பாராட்டும் முதல் மேசைக்கே அதிகம் போயின. அந்தப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோதும் பிரிவு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியையும் பிள்ளைகளும் ஒரே கறுப்பினச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். சொந்த இனத்து ஆசிரியர் என்பதாலேயே இந்தப் பார்வை மாறிவிடாது.

நமக்கு இது புதிதா என்ன? மலாயாவில், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் எழுத்து வேலை பார்த்த கிராணியோ, ஆட்களை மேற்பார்த்த கங்காணியோதான் வாத்தியார். எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், அப்புறம் பால்மரம் வெட்டத்தானே போகப் போகிறான் என்ற நினைப்பு அந்தத் தோட்டப் பள்ளிக் கொட்டகையிலேயே பிறந்தது. தோட்டம் போய், அடுக்குமாடி வீடு வந்தது. அந்த நினைப்பும் நம்மோடு சேர்ந்து வீடு மாறி வந்துவிட்டது. "அந்த ஃபிளாட்டுப் பிள்ளைங்களா?" என்று நாமே கேட்பதில்லையா?

இப்போது ஆசிரியரின் பார்வைக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது. 2019இல் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் போயின. 2021இல் ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வும் போனது. பிள்ளைகளின் மனச்சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இன்று வகுப்பறை மதிப்பீட்டில் ஒரு பிள்ளை 1 முதல் 6 வரை எந்த அடைவு நிலையில் இருக்கிறான் என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஆசிரியரின் கண்தான். அந்தக் கண் எட்டாம் நாளே முடிவு கட்டிவிட்டால்?

2023 முதல் பள்ளித் தொடக்க உதவியாக வருமானம் பார்க்காமல் மாணவருக்கு 150 ரிங்கிட் அரசாங்கம் கொடுக்கிறது. அதில் சப்பாத்தும் பையும் வாங்கலாம். ஆனால் "உன்னால் முடியும்" என்ற நம்பிக்கையை ஆசிரியர்தான் தர வேண்டும்.

அப்படித் தந்தவர்கள் நம்மிடையே உண்டு. 1982இல் டாக்டர் தம்பிராஜாவும் மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். வசதி இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, பல்கலைக்கழகம்தான் இலக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அப்படி வந்தவர்.

ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியும். நிறைந்த வகுப்பு, முடியாத ஃபைல் வேலை. கைக்காசு போட்டு மாணவனுக்குச் சாப்பாடு வாங்கித் தருகிறவர்களும் அவர்கள்தான். ஆசிரியர்களே, உரிமையோடு ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளை யார்? நாளை முதல் கேள்வியை அவனிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களே, சந்திப்பை மாலையிலும் வைக்கச் சொல்லுங்கள். ஷிப்டு வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியுமா?

பெற்றோர்களே, கூச்சப்படாதீர்கள். எந்தச் சட்டையோடு போனாலும் அந்த நாற்காலி உங்களுடையதுதான். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "என் பிள்ளை இப்போ எந்த நிலையில இருக்கான்? அடுத்த நிலைக்குப் போக நான் என்ன செய்யணும்?"

பதில் கிடைத்த பிறகு எழுந்திருங்கள்.

அன்புடன்,
இதழாசிரியர்