பதில் வராவிட்டால் சௌக்கியமா?

அறந்தாங்கியில் இருக்கும் என் பெரியம்மா, இரவு ஒன்பது மணி அடித்தால் போதும், சென்னையில் என் தாயாரை டெலிபோனில் கூப்பிட்டு விடுவாள். பேசுவது என்னவோ இரண்டே வார்த்தை. "சாப்பிட்டாச்சா? சரி, வைக்கிறேன்."

2018 நவம்பர் 16-ஆம் தேதி, கஜா புயல் கரை கடந்த அன்று, அந்த அழைப்பு வரவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் மின் கம்பங்கள் சாய்ந்து, செல்போன் கோபுரங்களும் ஊமையாகிக் கிடந்தன. அன்று ராத்திரி அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழைப்பு வராததே அவளுக்குப் பெரிய சமாசாரமாகி விட்டது.

இந்தச் சின்ன விஷயத்தைக் கம்ப்யூட்டர்காரர்கள் மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன், சகோதரிகளே.

போன வருஷம் நான் அறந்தாங்கி போயிருந்த சமயம். சனிக்கிழமை பெரியம்மாவுக்குத் தலைசுற்றல். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து வந்தோம். (பெயர் வேண்டாமே!) ரத்தத்தில் உப்புச் சத்து அபாயகரமாகக் குறைந்திருப்பது மாலையிலேயே அங்கே பதிவாகி விட்டது. அதை டாக்டரின் செல்போனுக்குத் தானாகவே அனுப்ப வேண்டியது பின்கட்டில் இருக்கும் சர்வர் என்கிற கம்ப்யூட்டர். ஆறு மணிக்கு மின்சாரம் போயிற்று, சர்வரும் நின்றது. மின்சாரம் திரும்பி வந்தது, சர்வர் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு விடுமுறை. அன்று மத்தியானம் பெரியம்மா என் முகத்தைப் பார்த்து, "நீ யாரு பொண்ணு?" என்று கேட்டாள்.

திங்கள் காலை எட்டு மணிக்குத்தான் கூடத்தைத் திறந்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி, சலைன், நாலு நாள் கவலை. பிழைத்தாள்.

சர்வரைக் கவனிக்கும் பையனிடம் நான் சண்டைக்கே போனேன். "அக்கா, காவல் வைத்திருந்தேனே!" என்றான் பாவம். நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்வரை, "இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு பெட்டி. பதில் இல்லையென்றால் அவனுக்குச் செய்தி வரும். இப்படிக் கேட்கும் 'பிங்' என்னும் வித்தையை 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பார்கள் அல்லவா, அந்தச் சப்தத்தின் பெயர்தான் அது.

"பின்னே ஏன் செய்தி வரவில்லை?" என்றேன். பையன் சுவரைக் காட்டினான். சர்வர், காவல் பெட்டி, இன்டர்நெட் பெட்டி மூன்றுக்கும் ஒரே பாட்டரி! மூன்றும் சேர்ந்தே அணைந்திருக்கின்றன. செய்தி வராததால் எல்லாம் சுகம் என்று பையன் நிம்மதியாக சினிமாவுக்குப் போயிருந்தான்.

காவலை வெளியூரில் வைத்தால் என்ன? அங்கேதான் சிக்கல். வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ளான வலைக்கு 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் விலாசங்களை 1994-இல் ஒதுக்கி வைத்தார்கள். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கட்டடங்களில் அதே விலாசம்! "மாடி அறை" என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் எந்த வீட்டுக்குப் போகும்? வெளியிலிருந்து தட்ட முடியாது. ஆனால் உள்ளேயிருந்து வெளியே குரல் கொடுக்கலாம்.

பையன் இப்போது அதைத்தான் செய்திருக்கிறான். உள்ளே இருக்கும் பெட்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியூர்க் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு, "இருக்கிறேன்" என்று சொல்கிறது. சொல்வது நின்றால் அங்கிருந்து அவன் போனில் மணி அடிக்கும். 'பிங்'குக்குப் பதில் வந்தால் போதாது என்றும் கண்டுகொண்டான். தூக்கத்தில் "உம்" கொட்டுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டே! அதனால் ஒரு பொய்ப் பரிசோதனை முடிவை அனுப்பி, அது போய்ச் சேருகிறதா என்றும் பார்க்கிறான்.

வருஷக் கணக்கு ஒன்றும் காட்டினான். 8,760 மணியில் சர்வர் நின்றது அந்த 38 மணிதானாம். நூற்றுக்கு 99½-க்கு மேல் மார்க்! பரீட்சையாக இருந்தால் பாயசம் வைத்திருப்பேன்.

ஒரு தரம் தவறினால் மணி அடிக்காது, மூன்று தரம் தவற வேண்டும் என்கிறான். இல்லாவிட்டால் ஓயாத மணியில் காது மரத்துப் போகுமாம். அம்மாவும் இப்போதெல்லாம் ஒன்பதே கால் வரை பொறுக்கிறாள். போன வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதறிக்கொண்டு அவளே கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இருடி," என்றாள் பெரியம்மா. "தொடர்கதையிலே இன்னும் ஒரு பக்கந்தான் பாக்கி!"