பிறந்த தேதியும் புகையும்

பழைய டீசல் கார் ஒன்றைப் பற்றி நம் மன்ற இதழில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் புன்னகை புரியலாம். மொழியும் கலையும் நாட்டு நடப்பும் பேச வேண்டிய ஏட்டில் எஞ்சினுக்கும் கியருக்கும் என்ன வேலை என்றும் கேட்கலாம். ஆனால், டில்லியில் படிக்கும் நாம் இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சோடும் தொடர்புடைய செய்தி இது. ஒரு பொருளுக்குத் தீர்ப்புக் கூறுமுன் அதன் இயல்பை அறிந்திருப்பது படித்தவர் கடமை அன்றோ? டீசல் காரை ஏசுவோரிலும் போற்றுவோரிலும் அதனை ஓட்டிப் பார்த்தவர் சிலரே. நான் ஓட்டியிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

வண்டி என் மாமாவினுடையது. 2012ஆம் ஆண்டில் டில்லியில் பதிவான மாருதி சுவிஃப்ட் டீசல். 1,248 கன சென்டிமீட்டர், 75 குதிரைத்திறன். எஞ்சினை வடிவமைத்தது இத்தாலி நாட்டு ஃபியட் நிறுவனம். அது உருவானது அரியானாவின் மானேசரில். இதே எஞ்சின் டாடாவின் இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புண்டோவிலும் ஓடியது. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சிறு கார்களின் பொது இதயம் என்றே அதனைக் கூறலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. மாமா மத்திய அரசுப் பணியில் இருந்தார். அவர் வண்டியை மூன்றாண்டுகள் பெரும்பாலும் நான்தான் டில்லித் தெருக்களில் ஓட்டினேன்.

முதலில் அதன் ஓட்டத்தைச் சொல்கிறேன். ஜனவரி மாதக் காலையில் சாவியை ஒரே மூச்சில் திருப்பிவிடக் கூடாது. முகப்பில் சுருள் வடிவ விளக்கு ஒன்று எரியும். அது அணையும் வரை பொறுக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைக் கொளுத்துகிறது. குளிரில் அந்தச் சூடு போதாது. ஆகவே ஹீட்டர் பிளக் என்னும் சிறு கம்பி முன்னதாகச் சூடேறி உதவுகிறது. பிறகு எஞ்சின் தட்டிக்கொண்டே விழிக்கும். கியர்த் தண்டு கையில் நடுங்கும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர் இதனைப் பழுது என்றே எண்ணிவிடுவர்.

புறப்பட்ட பின் அதற்கு இரண்டு குணங்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்குக் கீழே அது சோம்பேறி. அந்த எல்லையைத் தாண்டியதும், பின்னாலிருந்து யாரோ கை கொடுத்துத் தள்ளியது போல் பாயும். காரணம் எளிது. காற்றை உள்ளே திணிக்கும் டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகையே. புகை குறைவாக இருக்கும்போது டர்போ மெல்லச் சுழலும், காற்றும் குறையும், வலிமையும் குறையும். ரிங் ரோடு நெரிசலில் இதன் துன்பம் தெரியும். இரண்டாம் கியரில் வண்டி திணறும். முதல் கியரில் அலறும். கிளட்சை மிதித்து மிதித்து இடக்கால் ஓயும். நான் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் மாமா சொல்வார்: "விரட்டாதேடா. அது மூச்சு வாங்கட்டும், தானே போகும்."

அவர் சொல்லின் உண்மையை நெடுஞ்சாலையில் உணர்ந்தேன். 2022இல் மாமா ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் வண்டிக்கும் பத்து வயது நிறைந்தது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்கு அப்போது டில்லியில் இடமிருக்கவில்லை. எனவே தடையில்லாச் சான்று பெற்று அதனைத் தஞ்சைக்கு ஓட்டிச் சென்றோம். ஆக்ரா, குவாலியர், நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாக ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். ஐந்தாம் கியரில் 90 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் தனக்கு உகந்த 2,000 சுற்றை ஒட்டி நிதானமாக ஓடிற்று. லாரிகளை முந்த நான்காம் கியர் போதும். நகரத்தில் முணுமுணுத்த வண்டி அங்கே பேச்சை நிறுத்தி வேலை செய்தது. மொத்தப் பயணத்துக்கும் செலவான டீசல் ஏறக்குறைய 130 லிட்டர். விடுமுறைக்குச் செல்லும்போது இன்றும் அதனை ஓட்டுகிறேன். இன்றும் அது சோர்வின்றி ஓடுகிறது.

இந்த இடத்தில்தான் என் வினா பிறக்கிறது. டில்லியில் ஓடத் தகுதியற்ற வண்டி தஞ்சையில் ஓடத் தகுதி பெற்றது எவ்வாறு? எஞ்சின் மாறவில்லை. புகை மாறவில்லை. பதிவு எண் ஒன்றே மாறிற்று.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதனை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் நாளன்று, வயது கடந்த வண்டிகளுக்கு டில்லி பங்குகளில் எரிபொருள் மறுக்கும் திட்டம் தொடங்கிற்று. எதிர்ப்பு எழவே சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணமாகக் கொண்டு கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் அதனைத் திருத்தி, பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்குப் பிந்திய தரங்களுக்கும் மட்டுமே அந்தப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. வயதிலிருந்து தரத்தை நோக்கி ஓர் அடி நகர்ந்ததாகவே இதனை நான் காண்கிறேன். ஆயினும் அடுத்த அடி வேண்டும்.

மனிதரைப் பிறப்பால் மதிப்பிடுவது தவறு என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயந்திரத்தை மட்டும் பிறந்த தேதியால் மதிப்பிடலாமா? பத்தாண்டில் 60,000 கிலோமீட்டர் ஓடி, உரிய காலத்தில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பெற்ற வண்டி ஒருபுறம். ஐந்தாண்டில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடி உழைத்துத் தேய்ந்த வாடகை வண்டி மறுபுறம். பஞ்சாங்கம் பார்த்தால் முதல் வண்டி குற்றவாளி. வாலிலிருந்து வரும் புகையைப் பார்த்தால் தீர்ப்பு மாறக்கூடும். தேய்ந்த வண்டியை ஓட்டுபவன் கால்களே கண்டுகொள்ளும். டர்போ எழத் தாமதிக்கும். மேட்டில் இழுவை குறையும். தட்டும் ஓசை கூடும். போதிய காற்றின்றி எரிந்த டீசல் கரியாக வெளிவரும். ஓட்டத்தின் நலமும் புகையின் அளவும் ஒன்றையொன்று ஒட்டியவை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்களை வாங்கும்படி மக்களைத் தூண்டியது யார்? 2012 மே மாதம் டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியது. அரசின் விலைக் கட்டுப்பாட்டில் இருந்த டீசலோ 41 ரூபாய்க்குள் நின்றது. மாதச் சம்பளக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பதிவுச் சான்றும் 15 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. பிறகு பத்தே ஆண்டில் வெளியேறு என்பது கொடுத்த வாக்கைக் குறுக்குவதாகும்.

இவ்வளவு கூறுவதால் டீசலுக்கு வழக்கறிஞனாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எதிர்த் தரப்பின் வாதம் வலுவானது. மாமா வண்டி வாங்கிய அதே 2012ஆம் ஆண்டில்தான், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகையில் சேர்த்தது. பி.எஸ். 4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம், பி.எஸ். 6 கார் 4.5 மில்லிகிராம் மட்டுமே வெளியிடலாம். ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இது. எத்தனை அன்போடு பராமரித்தாலும் பழைய வண்டிக்குப் புதிய வடிகட்டி முளைத்துவிடாது. குளிர்காலத்தில் டில்லியின் காற்று தரையோடு தேங்கி நிற்கும் என்பதையும், தஞ்சையின் காற்று அவ்வாறன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனவே நான் கேட்பது சலுகை அன்று, நேர்மையான தேர்வு. இன்றைய புகைச் சான்றிதழ் அத்தகைய தேர்வாகாது. வண்டியை நிறுத்தி வைத்து, ஆக்சிலரேட்டரைச் சிலமுறை முழுதும் அழுத்தி, புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறார்கள். சுமை இழுக்கும்போது வரும் புகையை அது காட்டாது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை.

என் யோசனைகள் மூன்று. முதலாவது, பத்தாண்டு கடந்த டீசல் வண்டியை ஆண்டுதோறும் உருளைகளின்மீது ஏற்றி, சுமையோடு ஓடவிட்டு, துகளையும் வாயுக்களையும் அளக்க வேண்டும். இரண்டாவது, காற்று கெட்ட நாட்களில் பி.எஸ். 4 டீசல் கார்களை நிறுத்தும் மூன்றாம் கட்டக் கட்டுப்பாட்டை விலக்கின்றிச் செயற்படுத்த வேண்டும். காற்றின் நிலையைப் பார்த்துக் கட்டுப்படுத்துவதில் நியாயம் உண்டு. மூன்றாவது, தேர்வில் தோற்ற வண்டிக்கு வேறு மாநிலம் செல்லச் சான்று தரலாகாது. உரிய விலை கொடுத்து உடைத்துவிட வேண்டும். டில்லிக் குழந்தையின் நுரையீரல் ஒன்று, தஞ்சைக் குழந்தையின் நுரையீரல் வேறொன்று என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை.

நண்பர்களே! பழகிய பொருள்மீது பற்று வருவது இயற்கை. 2,500 கிலோமீட்டர் தூரம் எங்களைச் சுமந்து சென்ற அந்தச் சிறு வண்டிமீது எனக்கும் பற்று உண்டு. ஆனால் பற்று வேறு, நீதி வேறு. நான் கேட்கும் தேர்வு நாளை தஞ்சையிலும் வருமாயின், முதல் வரிசையில் மாமாவின் வண்டி நிற்கட்டும். வென்றால் ஓடட்டும். தோற்றால், வயதுக்காக அன்று, புகைக்காக அது ஓய்வு பெறட்டும். அந்தத் தீர்ப்பை மாமாவும் மறுக்க மாட்டார். நானும் மறுக்க மாட்டேன்.