வெலிங்டன் ஏரியில படகு அப்புறம் விடலாம், முதல்ல கரை ரிப்போர்ட்டை வெளியில விடுங்க!

நெய்வேலி நகரிய உறவுகளே,

லீவு நாள்ல நம்ம ஊர்ப் பசங்க பைக் எடுத்தா போறதுக்கு இருக்கிறது நாலைஞ்சு இடம்தான். கடலூர் சில்வர் பீச், பிச்சாவரம், வீராணம். இல்லைன்னா விருத்தாசலம் தாண்டி திட்டக்குடி பக்கத்துல கீழச்செருவாய் வெலிங்டன் ஏரி. தண்ணி நிறைஞ்ச நேரத்துல கரைமேல நின்னா எதிர்க்கரை மங்கலாத்தான் தெரியும். போட்டோ எடுப்போம், ஸ்டேட்டஸ் போடுவோம். நாம நிக்கிற இடம் என்னன்னு மட்டும் கேக்க மாட்டோம்.

அது மண் உறவுகளே. நாலு கிலோமீட்டருக்கு மேல நீளமான மண் கரை. 1913-ல் தொடங்கி 1923-ல் முடிச்சது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் வில்லிங்டன் பேருதான் நம்ம வாயில வெலிங்டன் ஆயிடுச்சு. தொழுதூர் அணைக்கட்டுல வெள்ளாத்துத் தண்ணியைத் திருப்பி இங்க கொண்டு வர்றாங்க. முழு உயரம் 29.72 அடி, கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி, அதாவது இரண்டரை டி.எம்.சி. சுமார் 24,000 ஏக்கர் நெல்லுக்கும் கரும்புக்கும் இதுதான் ஆதாரம்.

இந்தக் கரைக்கு ஒரு பழைய வியாதி இருக்கு. உள்வாங்கும். அடியில இருக்கிறது களிமண். ஈரத்துல உப்பும், காய்ஞ்சா வெடிக்கும். கரை இறங்கி, ஏரியை நிரப்ப முடியாம வற்ற வச்சு, பல கோடி ரூபாய் செலவு பண்ணி சரி பண்ண கதை திட்டக்குடி விவசாயிகளுக்கு மனப்பாடம். தண்ணி இல்லாம வயலைத் தரிசா போட்ட வலி அவங்களுக்குத்தான் தெரியும். பாசனச் சங்கத்துக்காரங்க ரோட்டுக்கு வந்து கத்தினதுக்கு அப்புறம்தான் வேலையே நகர்ந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வருவோம். வெலிங்டனைச் சுற்றுலாத் தலம் ஆக்கணும்ங்கிறது பல வருஷக் கோரிக்கை. தேர்தல் வந்தா பூங்கா வருது, படகு வருது, கலர் விளக்கு வருது, எல்லாம் மேடையில. நாங்க அதுக்கு எதிரி இல்ல. பின்தங்கிய திட்டக்குடி பக்கத்துல நாலு கடை வந்தா, பத்து பேருக்கு வேலை கிடைச்சா சந்தோஷம்தான். ஆனா ஆயிரம் பேரைக் கரைமேல ஏத்துறதுக்கு முன்னாடி அந்தக் கரை எப்படி இருக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் காட்ட முடியாதா? இதுதான் எங்க கேள்வி.

மண் அணை எப்படிச் சாகும்னு தெரிஞ்சா இந்தக் கேள்வியோட அவசரம் புரியும். பெரும்பாலும் அது ஒரே நாள்ல சாகுறதில்ல. கரைக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டேதான் இருக்கும், எல்லா மண் கரையிலயும் அப்படித்தான், அது தப்பில்ல. வெளிப்பக்க அடிவாரத்துல வர்ற கசிவு தெளிவா இருக்கா, கலங்கி இருக்கான்னுதான் பாக்கணும். கலங்கி வந்தா கரையோட மண்ணை உள்ளேயிருந்து தண்ணி அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். நண்டு வளை, பெருச்சாளிப் பொந்து, செத்த சீமைக்கருவேல வேர் இதெல்லாம் அந்தத் தண்ணிக்கு ரெடிமேட் குழாய். இன்னொரு வழி, கரை எங்கயாவது இறங்கி, வெள்ள நேரத்துல அந்தப் பள்ளத்து வழியா தண்ணி மேல ஏறி வழியுறது. மண் கரைமேல தண்ணி வழிஞ்சா மிச்சமிருக்கிற நேரத்தை மணிக்கணக்குலதான் எண்ணணும்.

இதுல கூட்டத்தோட பங்கு என்னன்னு பாருங்க. குறுக்குவழியா சரிவுல ஏறி இறங்கினா புல் போயிடும், அடுத்த மழையில அந்தத் தடம் ஓடை ஆயிடும். கரைமேல கார், வேன் ஓடினா தடம் பள்ளமாகும். அடிவாரத்துல பஜ்ஜிக் கடை போட்டு மண் கொட்டி மேடாக்கினா, கசிவு நீர் வெளியேற வேண்டிய வடிகால் அடைபடும். கடைக்காரர் மேல குத்தமில்ல. அது வடிகால்னு அவருக்கு யாரு சொன்னா?

இலங்கையில கந்தளாய் குளம் 1986 ஏப்ரல் 20-ல் உடைஞ்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க. கரைமேல கனரக வண்டிகள் ஓடினதும் காரணத்துல ஒண்ணுன்னு அன்னைக்கே பேசப்பட்டது. அதுவும் நம்மளுது மாதிரி மண் கரைதான்.

மகாராஷ்டிராவுல ரத்னகிரி மாவட்டம் திவரே அணை. 2019 ஜூலை 2 ராத்திரி உடைஞ்சு இருபது பேருக்கு மேல அடிச்சுட்டுப் போச்சு. வெலிங்டன்ல பிடிக்கிற தண்ணியில அது ஒரு சின்னப் பங்குதான் பிடிக்கும். கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. உடைஞ்ச பிறகு அந்த மாநில அமைச்சர் சொன்ன காரணம்: நண்டு! நாடே சிரிச்சுது. நான் சிரிக்கல. நண்டு வளை போடும்னு வரப்பு வெட்டுற எல்லாருக்கும் தெரியும், வளையைப் பாத்த அன்னைக்கே மிதிச்சு அடைப்பாங்க. அணையில அதை அடைக்க வேண்டிய சம்பள ஆள் யாருங்கிறதுதானே கேள்வி? நண்டு மேல எஃப்.ஐ.ஆர். போட முடியுமா?

சரி, சட்டம் என்ன சொல்லுது? அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. 15 மீட்டருக்கு மேல உயரம் இருந்தா அந்த அணை சட்டத்துக்குள்ள வரும். 10 முதல் 15 மீட்டர்னா, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டரோ, நீளம் 500 மீட்டரோ இருந்தாலே வரும். வெலிங்டன்ல தண்ணி ஆழமே 9 மீட்டர், அதுக்கு மேல கரை, கீழ அஸ்திவாரம். கொள்ளளவு ஏழு கோடி கன மீட்டர். கணக்குப் போட எஞ்சினியரிங் படிக்கத் தேவையில்ல. அப்படின்னா வருஷத்துக்கு ரெண்டு ஆய்வு கட்டாயம், மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அவசரகாலச் செயல்திட்டத்துக்கு அஞ்சு வருஷ கெடு. சட்டம் அமலுக்கு வந்தது 2021 டிசம்பர் 30. கெடு முடியுறது 2026 டிசம்பர்.

மாநில உரிமையில டெல்லி கை வைக்குதுன்னு தமிழ்நாட்டுக் கட்சிகள் இந்தச் சட்டத்தை எதிர்த்தது நியாயம். அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா நம்ம கரையை நாமளே நடந்து பாத்து, பாத்ததை நம்ம மக்கள்கிட்ட சொல்றதுக்கு டெல்லி பர்மிஷன் எதுக்கு? உரிமை நம்மளுதுன்னா வேலையும் நம்மளுதுதானே.

இதைவிட மோசமான நிலைமை சின்ன ஏரிகளுக்கு. 10 மீட்டருக்குக் கீழ இருந்தா அந்தச் சட்டத்துக்கு அது அணையே இல்ல. நம்ம மாவட்டத்துல பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் குடும்பமா போய் உக்காருற ஏரிக்கரைங்க பெரும்பாலும் இந்தக் கணக்குதான். குடிமராமத்து இருந்த காலத்துல ஊரே கரையைப் பாத்துச்சு. இப்ப ஊரும் பாக்கல, சட்டமும் பாக்கல.

"சும்மா பீதியைக் கிளப்புறீங்க"ன்னு கமெண்ட் வரும், தெரியும். கரை நாளைக்கே உடையும்னு நாங்க சொல்லவே இல்ல. நீர்வளத்துறை ஆய்வு பண்ணலன்னும் சொல்லல. பண்ணதைக் காட்டுங்கங்கிறோம். 2024 டிசம்பர்ல சாத்தனூர்ல 1.68 லட்சம் கன அடி திறந்தப்ப தென்பெண்ணைக் கரையில கடலூர் வரைக்கும் என்ன ஆச்சு? எச்சரிக்கை ஒழுங்கா வந்துச்சா, இல்லையான்னு அரசும் மக்களும் இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. வெலிங்டனுக்குக் கீழ இருக்கிற ஊர்கள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு யார் யாருக்கு போன் பண்ணணும்னு ஒரு தாள் இருந்தா, அந்தத் தாள் அந்த ஊர்க்காரங்ககிட்டதானே இருக்கணும்?

நெய்வேலிக்காரனுக்கு இது புதுசு இல்ல. இங்க வீட்டுக்கு ஒருத்தர் சுரங்கத்துல இருந்தவர். மண் சரிவைத் தினமும் பாக்கணும், நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட இருக்கிற ஊத்துத் தண்ணியை ராவும் பகலும் இறைச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு நாள் விட்டா சுரங்கம் தாங்காதுன்னு அப்பாக்கள் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி சொல்லி வளந்த பசங்க நாம. லாபம் வர்ற குழிக்கு அவ்வளவு கண்காணிப்பு. சனம் நிக்கிற கரைக்கு?

நீர்வளத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் நாங்க வைக்கிறது சின்னக் கோரிக்கைதான். கடைசி ரெண்டு ஆய்வு அறிக்கையைத் தமிழ்ல வெளியிடுங்க. கரை எந்த இடத்துல எவ்வளவு இறங்கியிருக்கு, கசிவு எவ்வளவுன்னு ஏரிக்கரையிலயே பலகையில எழுதுங்க, வருஷா வருஷம் மாத்துங்க. அதுவரைக்கும் கரைமேல கார், வேன் வேண்டாம், அடிவாரத்துல கட்டடம் வேண்டாம். படகு டெண்டர் எல்லாம் அதுக்கு அப்புறம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி இது நடக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுவோம், திட்டக்குடி விவசாயிகளோட சேர்ந்து கீழச்செருவாய்ல நிப்போம்.

அடுத்த வாரம் அங்க போற உறவுகள் வெளிப்பக்க அடிவாரத்தையும் ஒரு போட்டோ எடுங்க. கலங்கின கசிவு, புது விரிசல், பொந்து கண்ணுல பட்டா, இடமும் தேதியும் போட்டு முதல்ல நீர்வளத்துறை ஆபீசுக்கு அனுப்புங்க, அப்புறம் இந்தப் பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க.

தகவல் தொழில்நுட்ப அணி
நெய்வேலி நகரியம்

#வெலிங்டன்_ஏரி #கரை_ரிப்போர்ட்_எங்கே #திட்டக்குடி #கடலூர்