இலை உதிராத மரம் கண்டு மகிழ வேண்டாம்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர் பிறந்த பின்னும் பேரி, பிளம்ஸ் மரங்கள் சில பச்சை இலைகளோடு நிற்பதுண்டு. மரம் செழிப்பாக இருக்கிறது என்று தோட்டக்காரர்கள் பூரிப்பு அடைகின்றனர். உண்மையில், அடுத்த மகசூல் குறையப் போவதற்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பேரி, பிளம்ஸ், பீச், ஆப்பிள் ஆகியவை குளிர்நாட்டு மரங்கள். குளிர் தொடங்கியதும் இலையிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பட்டைக்கும் வேருக்கும் இழுத்துக்கொண்டு, பிறகே மரம் இலையை உதிர்க்கிறது. வசந்தத்தில் பூப்பதற்கு இதுவே கைமுதல். மொட்டுகளும் அப்போது உறங்கிவிடுகின்றன. அந்த உறக்கம் கலைய, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் குறிப்பிட்ட மணி நேரம் மரம் நின்றாக வேண்டும். டெலிஷியஸ் ஆப்பிளுக்கு ஏறக்குறைய 1000 மணி நேரம் வேண்டும். சில பீச் ரகங்களுக்கு 200 மணி நேரமே போதும்.

நமது மலைகளில் இரண்டு இடையூறுகள் உள்ளன. சிம்லாவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணி நேர வித்தியாசம் உண்டு; உதகையில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே. ஆகவே பகல் சுருங்குவது இங்கு மரத்துக்குச் சரியாக உறைப்பதில்லை. ஆப்பிளும் பேரியும் பகலின் நீளத்தைவிடக் குளிரையே நம்பும் மரங்கள் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அந்தக் குளிரும் முழுமையாகக் கிடைப்பதில்லை. இரவில் உறைபனி விழுகிறது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. 1974-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வகுக்கப்பட்ட கணக்கு முறையில், 16 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் சேர்த்த குளிரைக் கழித்துவிடுகிறது. இரவு சம்பாதித்ததைப் பகல் செலவழிக்கும் கதைதான். பனி விழுந்ததே, குளிர் போதாதா என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

குளிர் போதாத மரம் ஒரே சமயத்தில் விழிப்பதில்லை. நுனி மொட்டு மட்டும் துளிர்க்கும், பக்கக் கிளை மொட்டையாக நிற்கும். பூவும் பிஞ்சும் இலையும் ஒரே கிளையில் கலந்து வரும். மகரந்தம் தரவேண்டிய பக்கத்து ரகம் வேறு நாளில் பூத்தால் காய்ப்பும் கெடும்.

இதற்கு இலையைக் கையால் உருவிவிடலாமே என்று சிலர் வாதிடுகின்றனர். ஜாவாவில் பத்து என்னும் மலையூரில், ரோம் பியூட்டி ஆப்பிளில் அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்குள் இலைகளை உருவி, ஆண்டுக்கு இரண்டு பருவம் எடுக்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அங்கு மொட்டு ஆழ்ந்து உறங்குவதற்கு முன்பே அது நடக்கிறது. குளிர்காலம் என்று ஒன்று அங்கு இல்லை. நமது மலைகளில் குளிரில் பாதி உறங்கிவிட்ட மொட்டை இலை உருவி எழுப்ப முடியாது. பச்சை இலையை உருவினால் திரும்பியிருக்க வேண்டிய சத்தும் கூலியும் சேர்ந்தே வீணாகும்.

ஹைட்ரஜன் சயனமைடு தெளித்தால் மொட்டு ஒருசேர விழிக்கும். மொட்டு உப்பிய பின் தெளித்தால் கருகிவிடும். அது நஞ்சு, தெளிப்பவர் மது அருந்தினால் ஆபத்து மேலும் கூடும். கைக்கவசமும் முகக்கவசமும் இன்றி அதைத் தொடவே கூடாது. ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இது முதல் வழியாக இருக்க முடியாது.

ரகத் தேர்வே முதல் வழி. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் கண்டெடுக்கப்பட்ட டார்செட் கோல்டன், இமாசலப் பிரதேச பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு விவசாயி தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 ஆகியவை குறைந்த குளிரில் காய்ப்பவை. இவற்றைக் காட்டி, சமவெளி விவசாயிகளிடமும் ஆப்பிள் கன்றுகள் விற்கப்படுகின்றன. வீட்டு முற்றத்தில் ஒரு மரம் பத்துக் காய் காய்ப்பது வேறு, ஏக்கர் கணக்கில் நட்டு நான்கைந்து ஆண்டு காத்திருப்பது வேறு. கன்று வாங்குபவர், அந்த ரகத்துக்கு எத்தனை மணி நேரக் குளிர் தேவை என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கன்று வாங்காதிருப்பதே நலம்.

மலைத் தோட்டங்களில் இருக்கும் மரங்களுக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் யூரியா இடுவதை நிறுத்த வேண்டும். பிந்திய தழைச்சத்துதான் இலையைப் பிடித்து வைக்கிறது. மழை ஓய்ந்த பின் பாசனத்தையும் குறைத்து, இலை உதிர்ந்தபின் டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்யலாம். குளிர் தேங்கும் பள்ளத்தாக்கு, வெயில் முழுநாளும் விழும் சரிவு என்று ஒரே தோட்டத்திலும் வேறுபாடு உண்டு. ஐந்தாறு மரங்களில் இலை உதிர்ந்த நாளையும் பூத்த நாளையும் குறித்து வைத்தால், எந்த மரத்தை எங்கே நடுவது என்பது மூன்று ஆண்டுகளில் விளங்கிவிடும்.