சிரிக்கும் பொம்மையும் ஜே.இ. சாரும்

போன ஆடி மாதம் என் வீட்டுக்காரம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் நடந்த காலை, தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் என் இளைய மகள் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பெங்களூர் கம்பெனி. 2020 கொரோனா காலத்திலிருந்து கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடிதான் அவளுக்கு ஆபீஸ்.

சரியாக ஒன்பது மணிக்குத் திரையில் ஐந்து பொம்மை முகங்கள் வந்தன. இன்று உங்கள் மனநிலை எப்படி என்று கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கிற பச்சை முகத்தைத் தொட்டாள்.

"ஏம்மா, அது பொய்தானே?" என்றேன்.

"சிவப்பைத் தொட்டா ஹெச்.ஆர்.ல இருந்து ஒரு மீட்டிங் போடுவாங்கப்பா. இன்னிக்கு அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை."

வெள்ளிக்கிழமை அதே ஆப், 'எப்போதும் உற்சாகம்' என்று அவளுக்கு ஒரு பதக்கம் அனுப்பியது. அவள் அம்மா அப்போதும் ஆஸ்பத்திரியில்தான். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைக் கம்பெனியோடு 'பிணைத்து' வைக்கத்தான் இந்த மென்பொருளாம். வாராவாரம் கருத்துக்கணிப்பு, பாராட்டுப் புள்ளிகள், பிறந்தநாளுக்குத் தானாகப் போகும் வாழ்த்து. நான் கேட்கிறேன்: வாழ்த்தியது இயந்திரம் என்று வாங்கியவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். பிறகு யாரை யாரோடு பிணைக்கிறது அது?

வீட்டுக்குத் தூரமாகத் தனியாக வேலை பார்ப்பது இந்தத் தலைமுறை கண்டுபிடித்ததல்ல. 1978இல் நான் வேதாரண்யம் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். ஒற்றை ஆள். தினமும் காலையில் நாகப்பட்டினத்திலிருந்து ஜே.இ. சார் லைனில் வருவார். எத்தனை ஃபால்ட், பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. ஒரு நாள் பதில் சொல்லி முடித்ததும், "குரல் சரியில்லையேப்பா, சாப்பிட்டியா?" என்றார். எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நான் சொல்லவில்லை, அவர் கேட்டுக் கண்டுபிடித்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் மாற்று ஆள் வந்து இறங்கினார்.

எங்கள் இலாகா ஒன்றும் சொர்க்கமில்லை. அவருக்குப் பின் வந்தவர் வோல்டேஜைக் கேட்டுவிட்டு டக்கென்று வைத்துவிடுவார். லைன் அதேதான், கருவியும் அதேதான். மறுமுனையில் இருந்த ஆள்தான் வேறு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விசாரிப்பதற்கென்று வரும் கருவி, வேவு பார்க்கும் கருவியாக மாற அதிக நாள் ஆகாது. 2020இல் மைக்ரோசாஃப்ட் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மெயில், மீட்டிங் போன்றவற்றை ஊழியர் எவ்வளவு பயன்படுத்தினார் என்று பெயரோடு நிர்வாகத்துக்குக் காட்டியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே பெயர்களை எடுத்துவிட்டார்கள். எண்ணினால் ஜனங்கள் எண்ணிக்கையைத்தான் தருவார்கள். வேலை செய்வதுபோல் காட்ட மவுஸைத் தானாக அசைக்கும் கருவியே கடையில் கிடைக்கிறது! 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டைத் தட்டுவதுபோல் போக்குக் காட்டியதாக ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. என் மகளின் பச்சை முகமும் அந்த மவுஸ் ஆட்டும் கருவியும் ஒரே ஜாதிதான்.

பெரிய கம்பெனியில் மேனேஜராக இருக்கும் என் அண்ணன் மகன் சண்டைக்கு வருகிறான். "நாலு ஊர்ல நாற்பது பேர், சித்தப்பா. எல்லார்கிட்டயும் தினம் பேச முடியுமா? வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படறவங்க பெயர் போடாம எழுதலாமே?"

நியாயம்தான். பெயர் இல்லாத கருத்துக்கணிப்பு பெரிய கூட்டத்துக்கு உதவும், அதைப் படித்துவிட்டு ஏதாவது செய்தால். ஆறு பேர் உள்ள குழுவில் எவர் எழுதியது என்று வாசகத்திலேயே தெரிந்துவிடாதா? நாற்பது பேரிடம் ஒரு மேனேஜர் பேச முடியாது என்றால் கோளாறு நாற்பது என்ற கணக்கில் இருக்கிறது. அதற்கு இன்னொரு மேனேஜர் வேண்டும், இன்னொரு ஆப் இல்லை. ஆள் போடச் செலவாகும் என்று ஆப் வாங்கிவிட்டு, அதற்கு 'அக்கறை' என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "இந்தப் பெண்ணிடம் நீங்கள் பேசிப் பத்து நாளாயிற்று" என்று மேனேஜருக்கு ஞாபகப்படுத்தட்டும். லீவு கேட்டால் அங்கேயே கிடைக்கட்டும். மனநிலைக்கு மார்க் போடுவதை மட்டும் விட்டுவிடட்டும்.

உங்கள் பிள்ளைகளும் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கிறவர்களாக இருக்கலாம். மேனேஜர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். மத்தியானம் ஒரு டம்ளர் மோரோடு நீங்களே மாடியேறுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பச்சையா சிவப்பா என்று.